ஆர்வின் லபவுண்டியின் அப்பழுக்கற்ற காடு

வெர்மான்ட் மலைச்சரிவில், எங்கள் பள்ளத்தாக்கில், வரவேற்பறையைப் போலக் காட்டை வைத்திருந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. ஆர்வின் லபவுண்டி. மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பவர். கடவுள் காட்டை ஏதோ அவசரத்தில் நட்டுவிட்டுப் போய்விட்டார், பிழை திருத்தும் பொறுப்பு தமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து.

திருத்தினார். மேப்பிள் நிற்கலாம், மற்றது எதுவும் நிற்கக்கூடாது. பிர்ச், பீச், பாஸ்வுட் எல்லாம் பாகு அடுப்புக்கு விறகாயின. பொந்து விழுந்த மரம் குடும்பத்துக்கு அவமானம். உதிர்ந்த கிளையைக் குவித்துக் கொளுத்திவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவார். அந்தக் காட்டுக்குள் நுழைவதற்கு முன் சிலர் பூட்ஸைத் தட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

கல்வேலிக்கு அந்தப் பக்கம் ராஸ்கோ டாட்ரோவின் காடு. அதில் எல்லா ஜாதி மரமும் முட்டிமோதிக்கொண்டு நின்றன; விழுந்தவை விழுந்த இடத்திலேயே கிடந்தன.

“ஏன்டா ராஸ்கோ, உன் காட்டுல கால் வைக்க இடமில்லையே?” என்பார் ஆர்வின்.

“நான் என்ன, அங்க டான்ஸா ஆடப் போறேன்?”

பிறகு ஒரு ஜூனில் கம்பளிப்புழுக்கள் வந்தன. அவற்றின் பக்கத்திலிருந்து யோசித்தால், ஆர்வின் செய்து வைத்திருந்த ஏற்பாடு பிரமாதம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே பந்தி, பிடித்த ஒரே பதார்த்தம், நடுவில் குறுக்கிட ஒருவருமில்லை. வெயில் காயும் பகலில் மழைச்சத்தம் கேட்டது. அது புழுக்களின் எச்சம் விழுகிற சத்தம். இரண்டே வாரத்தில் காடு நவம்பர்போல் மொட்டையாக நின்றது. ராஸ்கோவின் காட்டிலும் கடித்திருந்தன. ஆனால் பாதிப் பச்சை மிஞ்சியிருந்தது.

மரங்கள் எப்படியோ மறுபடி துளிர்த்தன. அடுத்த ஜூனில் புழுக்கள் மறுபடி வந்து மொட்டையடித்தன. மூன்றாம் முறையும் இலை போனால் மேப்பிள் எழாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆர்வினின் அப்பா சாறு இறக்கிக் காய்ச்சிய மரங்கள் அவை. ஆர்வின் இரவில் தூங்குவதை நிறுத்தினார்.

அந்தச் சமயம் பார்த்து ஈக்கள் வேறு. பெரிய சாம்பல்நிற ஈக்கள். கடிக்காது, வந்து உட்காரும், அவ்வளவுதான். ரொட்டியில், தாடியில், அவர் மனைவி டெல்ஃபின் காயப்போட்ட படுக்கை விரிப்பில் என்று உட்கார்ந்து, புள்ளி வைத்துவிட்டுப் போகும். புழுவை விதி என்று விட்டாலும் விடலாம், ஈயை எப்படி விடுவது? காடு முழுக்க ஒட்டுத்தாள் கட்டினார். அழுகல் மீன் ஊறிய தண்ணீரை வாளி வாளியாகத் தொங்கவிட்டார். ஈக்கள் குவியல் குவியலாகச் செத்தன. அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

புழுவைப் பார்க்க வனத்துறையிலிருந்து ஈனஸ் கிட்ரெட்ஜ் வந்தாள். தொப்பியில், கன்னத்தில், தோளில் ஈ மொய்த்தது. அவள் ஓட்டவில்லை.

“என்னம்மா, கையை ஆட்டக்கூடாதா?”

“கடிக்கலையே, எதுக்கு ஆட்டணும்? அந்த வாளியில என்ன?”

“எதிரிங்க,” என்றார் ஆர்வின் பெருமையாக.

ஈனஸ் எட்டிப் பார்த்தாள். பிறகு பாகு காய்ச்சும் கொட்டகையின் சுவரிலிருந்து ஒரு கூட்டுப்புழுவைப் பெயர்த்து, நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே இன்னொரு வெள்ளைப்புழு, வீட்டுக்காரனைப் பாதி தின்றுவிட்டு நெளிந்துகொண்டிருந்தது.

“இந்த ஈயோட பிள்ளை இது. கம்பளிப்புழுவை ஒழிக்குறதுல இவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. நீங்க உங்க கட்சிக்காரங்களையே அள்ளிப் போட்டிருக்கீங்க.”

டெல்ஃபின் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உதவிக்கு வந்தவனை மீன் தண்ணில முக்கிட்டு, ராத்திரில தூக்கம் வரலைன்னு புலம்புறியேய்யா!”

ஈனஸ் மற்றதையும் சொன்னாள். வரும் மார்ச்சில் சாறு இறக்க எந்த மரத்திலும் துளை போடக்கூடாது. விழுந்ததைக் கொளுத்தக்கூடாது. புதர் வேண்டும், பறவை அங்கேதான் கூடு கட்டும். வேற்று மரம் முளைத்தால் வெட்டக்கூடாது.

“ஆக, காட்டைக் கெடுக்கச் சொல்றீங்க.”

“கொஞ்சம் பெரிய மனசு பண்ணிக் கெடுங்க.”

அன்று மாலையே ஒட்டுத்தாள்கள் இறங்கின. மறுநாள் ஆர்வின் படியில் அமர்ந்து, ஈ மொய்க்க மொய்க்க, தியாகியின் முகத்தோடு சாண்ட்விச் தின்றார். ஒரு கடிக்கு ஒரு தரம் அவர் கை தானாக எழுந்தது, டெல்ஃபின் இருமினாள், கை இறங்கியது.

ஒழுங்கீனம் பழகுவது லேசான வேலையில்லை. இலையுதிர் காலத்தில், நோஞ்சான் மேப்பிள் ஒன்று வண்டிப்பாதை ஓரமாகச் சாய்ந்தது. ரம்பத்தோடு போவார், பார்ப்பார், திரும்புவார். கல்வேலிக்கு மேலே ராஸ்கோவின் தலை முளைத்தது.

“ஆர்வின், உடம்புக்கு முடியலையா? மரம் ஒண்ணு கீழ கிடக்கு!”

“கிடக்கட்டும்டா. அது வேலை பார்த்துட்டு இருக்கு.”

மார்ச்சில் எல்லாக் கொட்டகையிலும் புகை. அவர் கொட்டகையில் இல்லை. டெல்ஃபின் ராஸ்கோவிடம் ஒரு தகர டப்பா பாகு வாங்கி வந்தாள். ஆர்வின் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, பதம் தப்பிப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவது ஜூன் வந்தது. தினமும் விடிந்ததும் கழுத்தை மேலே நிமிர்த்தியபடி காட்டுக்குள் போனார். புழுக்கள் வந்தன, ஆனால் போன வருஷத்துப் பட்டாளம் இல்லை. வந்ததிலும் ஒரு பங்கைப் புதரிலிருந்து குயில்கள் வந்து கொத்திப்போயின. இலைகள் கிழிந்தன, ஓட்டையாயின, ஆனால் உதிரவில்லை. மாதக் கடைசியில் ஒரு நண்பகலில், தம் சட்டைமேல் நிழல் விழுந்திருப்பதை ஆர்வின் பார்த்தார். உச்சியிலிருந்து விழும் அடர்ந்த, பழைய நிழல். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

சில மரங்கள் பிழைக்கவில்லை. அவற்றை நின்ற இடத்திலேயே விட்டார். மரங்கொத்தி காலையிலிருந்து தட்டித் தட்டி உயிரை எடுத்தது. பட்ட மரங்கள் உள்ளே விட்ட வெளிச்சத்தில், வேலிக்கு அப்பாலிருந்து காற்று கொண்டுவந்த விதைகளிலிருந்து, பிர்ச் கன்றுகள் விரலளவு எழும்பியிருந்தன. ஆர்வின் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நாடா கட்டினார்.

“மானுக்கா பயப்படுறே?” என்றான் ராஸ்கோ, வேலிமேல் சாய்ந்து.

“இல்லடா,” என்று மண்டியிட்டபடியே அடுத்த கன்றுக்கு நகர்ந்தார் ஆர்வின். “எனக்குத்தான்.”