உப்புத் தொட்டியில் மிதந்த முட்டை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் ரோட்டில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். காலை பத்தரை மணி. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு பச்சை முட்டை. யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பியிருந்தேன். தப்பு செய்தவன் நான். அதற்கான பழியோ பழவேற்காட்டிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையில் விழப்போகிறது. விழும்போது அங்கே நிற்க வேண்டாம் என்றுதான் அந்த வேகம்.

இப்படி நடப்பது எனக்குப் பழக்கம். திருப்பாச்சூர் பக்கம் செங்கல் சூளை, பொதட்டூர்பேட்டையில் தறி, பெரியபாளையம் கோயில் வாசலில் தேங்காய்க் கடை என்று எங்கே பிரச்சினை தலைகாட்டினாலும் பையை எடுத்துவிடுவேன். அடுத்த இடத்தில் காரணம் கேட்டால், "கோயிலுக்கு வேண்டுதல், லீவு குடுக்கல, அதான் வுட்டுட்டேன்" என்பேன். பெரியபாளையத்து அம்மனுக்கு என் பேரில் ஏகப்பட்ட வேண்டுதல்கள் பாக்கி.

தொட்டி வேலை

அது பிளாஸ்டிக் மறுசுழற்சி மில். பழைய டிவி, கம்ப்யூட்டர் கூடுகளை நொறுக்கிய சில்லுகள் மூட்டை மூட்டையாக வரும். எல்லாமே கறுப்பு அல்லது சாம்பல். எது எந்தப் பிளாஸ்டிக் என்று கண்ணால் சொல்ல முடியாது. முதலில் காந்தம் வைத்து இரும்புத் திருகாணிகளை எடுப்போம். பிறகு புளோயர் தூசியையும் பஞ்சையும் ஊதித் தள்ளும். அடுத்து நல்ல தண்ணீர்த் தொட்டி. அதில் பக்கெட், டப்பா வகைப் பிளாஸ்டிக் மிதக்கும். மூழ்கியது என் பொறுப்பில் இருந்த உப்புத் தொட்டிக்கு வரும். உப்புத் தண்ணீரில் ஏபிஎஸ் மிதக்கும், பிவிசி மூழ்கும். டிவி கூட்டில் இருப்பது ஏபிஎஸ். மில்லுக்குச் சோறு போடுவது அதுதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். அறிவியல் புத்தகத்தில் கலவைகளைப் பிரிக்கும் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து நானே பிரிந்துவிட்டேன். மிச்சத்தைத் தொட்டியில்தான் படித்தேன். உப்பு ஒரு சேர்மம். அதில் சோடியமும் குளோரினும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. எத்தனை நாள் சலித்தாலும் ஊதினாலும் இரண்டையும் தனித்தனியாக எடுக்க முடியாது. பிவிசிக்குள்ளும் அதே குளோரின் இன்னொரு சேர்மமாக இருக்கிறது. உருக்கினால் ஆசிட் புகையாகக் கிளம்பி மெஷினை அரிக்கும், மூக்கையும் அரிக்கும். ஏபிஎஸ் சில்லும் பிவிசி சில்லும் ஒரே மூட்டையில் கிடப்பது மட்டும் வெறும் கலவை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி. சரியான தண்ணீர் கிடைத்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார்.

சரியான தண்ணீரா என்று பார்க்கத்தான் முட்டை. முதலாளி தணிகாசலம் தினமும் காலையில் ஒரு புது முட்டை கொடுப்பார். அதை உப்புத் தொட்டியில் விட வேண்டும். ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு முட்டை வெளியே தெரிந்தால் சரி. குறைவாகத் தெரிந்தால் உப்பு போட வேண்டும், அதிகமாகத் தெரிந்தால் தண்ணீர் விட வேண்டும். முடிந்ததும் முட்டையை உடைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட வேண்டும்.

"ஏன் மொதலாளி ஒடைக்கணும்?" என்று சேர்ந்த அன்றே கேட்டேன்.

"எங்கப்பா ஒடச்சாரு, நானும் ஒடைக்கிறேன். நீ இன்னா கேள்வி கேக்க வந்தியா, வேல செய்ய வந்தியா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் காலை நாஷ்டா இல்லாமல் நிற்கிறேன், முட்டை சாக்கடைக்குப் போகிறது. அந்தத் தொட்டியில் முங்கிய முட்டையை நாய்கூடத் தின்னாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதல் நாள் முட்டையை உடைக்காமல் தகர ஷெட்டின் ஜன்னலில் வைத்துக்கொண்டு, தினமும் அதையே தொட்டியில் விட்டேன். அன்றன்றைய புது முட்டை எதிர்க் கடைக்குப் போய் ஆம்லெட்டாகத் திரும்பி வந்தது.

என் ஜன்னல் முட்டை நாளுக்கு நாள் உயரமாக மிதந்தது. உப்பு அதிகமாகிவிட்டது என்று நினைத்து நான் ஒழுங்காகத் தண்ணீர் விட்டேன். வேலையில் நான் சோம்பேறி இல்லை. மறுநாளும் முட்டை உயர்ந்தது, மறுநாளும் தண்ணீர் விட்டேன். மேலே மிதக்கும் ஏபிஎஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. சரக்கு மட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நூரக்கா லோடு

பழவேற்காட்டு நூர்ஜஹான் அக்கா மூன்று மாதம் முன்புதான் சொந்தமாக ஷெட் பிடித்து, நான்கு பெண்களை வேலைக்கு வைத்து, டிவி கூடு உடைக்க ஆரம்பித்திருந்தார். அவரிடம் சரக்கு எடுத்தது எங்கள் மில் மட்டும்தான். நான் பையைத் தூக்கியதற்கு முந்தின நாள் அவருடைய பெரிய லோடு வந்தது. மறுநாள் காலையில் அதைத் தொட்டியில் கொட்டினேன். மொத்தமும் மூழ்கியது.

முதலாளி வந்து பார்த்தார். சில்லைக் கொளுத்தி மோந்து பார்த்தால் வாசனையே சொல்லிவிடும். ஆனால் இருபது வருடப் புகையில் அவர் மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. அவர் நம்பியது முட்டையைத்தான், முட்டையோ கம்பீரமாக மிதந்தது. போனை எடுத்தார்.

"ஏம்மா, லோடு முச்சூடும் பிவிசிய கொட்டிட்டுப் போயிக்கிற! நேர்ல வா. உன் எதிர்லயே குரூப்ல வாய்ஸ் போட்றேன்."

குரூப் என்றால் அந்த வட்டார மில்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸாப் குரூப். 'கலப்பட பார்ட்டி' என்று அதில் ஒரு வாய்ஸ் வந்துவிட்டால் அப்புறம் ஒரு மில்லும் கதவைத் திறக்காது. நூரக்காவின் ஷெட் அதோடு பூட்டுதான்.

அன்று ஆம்லெட் கடை திறக்கவில்லை. அன்றைய புது முட்டை என் சட்டைப்பையிலேயே இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் போனதும் பழையதை ஜன்னலில் வைத்துவிட்டு, சும்மா புதியதைத் தொட்டியில் விட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. தொட்டியில் உப்பே போதவில்லை, லோடில் தப்பில்லை என்று புரிந்தது. முட்டையை எடுத்துப் பையில் போட்டேன், பையைத் தோளில் போட்டேன். அந்த நடைதான் மேலே சொன்னது.

பாதி ரோட்டில் குட்டியானை வண்டி எதிரே வந்து நின்றது. ஓட்டி வந்தது நூரக்காவேதான்.

"டேய் தம்பி! எங்கடா பையத் தூக்கினு?"

"கோயிலுக்கு வேண்டுதல்க்கா."

"அம்மன் எங்கயும் ஓடிடாது. ஏறு. தொட்டில நிக்கிறது நீதான? நான் கலப்படம் பண்றவளா இல்லியான்னு நீயே வந்து சொல்லு. உன் வார்த்தைய அந்தாளு நம்புவாரு."

ஏறினேன். வேறு என்ன செய்ய? வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "ஒவ்வொரு கூட்டையும் கொளுத்தி மோந்து பாத்துதான் அனுப்பிக்கிறேன். எங்க ஷெட்ல நாலு பொம்பளைங்களுக்கும் தலவலி. இன்னாடா வாயே தொறக்க மாட்டேன்ற? துன்னியா இல்லியா?" என்று சொல்லி ஒரு டப்பாவை என் மடியில் வைத்தார். இடியாப்பம். அதைத் தின்றுகொண்டே அடுத்த பொய்யை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மில் வாசலில் முதலாளி போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் மைக் பட்டனுக்கு மேலேயே இருந்தது.

"மொதலாளி, லோடு சுத்தம். முட்டதான் பழசு," என்றேன்.

"இன்னாடா ஒளர்ற? தினம் புச்சு முட்டதான குடுக்கறேன்?"

"அத நான் துன்னுட்டேன்."

"எத்தினி நாளா?"

"மூணு வாரமா."

"அடப்பாவி, இருவத்தியோரு முட்டையாடா?"

"ஞாயித்துக்கெழம லீவு மொதலாளி. பதினெட்டு. அதுலயும் ஒண்ணு ஜன்னல்ல கீது, ஒண்ணு பையில கீது."

நூரக்கா ஒரு கணம் என்னை முறைத்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு, "என் இடியாப்பத்தையும் துன்னுட்டானே!" என்றார்.

பையிலிருந்த முட்டையைத் தொட்டியில் விட்டுக் காட்டினேன். மூழ்கியது. முதலாளி உப்பு மூட்டையைக் கை காட்டினார். ஒரு மூட்டை பிரித்துக் கொட்டி, துடுப்பால் கலக்கினேன். இன்னொன்று கொட்டினேன். மூன்றாவது மூட்டையில் அடியிலிருந்து ஒரு கறுப்புச் சில்லு மேலே வந்து திரும்பிப் படுத்தது. பின்னாலேயே பத்து, நூறு என்று வந்து தொட்டி முழுக்கக் கறுப்பாக மூடிக்கொண்டது. அதன் நடுவே முட்டையும் எட்டிப் பார்த்தது, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு.

"இப்பப் போடு வாய்ஸ," என்றார் நூரக்கா.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். "பழவேற்காடு நூர்ஜஹான் சரக்கு ஏ ஒன். யாருக்கு வோணுமோ தைரியமா எடுங்க." பட்டனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ கெளம்புடா."

"சரி மொதலாளி."

"நில்லு. பழச ஒடைக்கணும்னு ஏன் சொன்னேன்னு இப்பத்தான் எனக்கே புரியுது. போ."

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியே வெளியேறி, அந்த இடத்தில் காற்று ஏறும். நாள் ஆக ஆக முட்டை எடை குறையும். பழைய முட்டை குழாய்த் தண்ணீரில்கூட மிதக்கும். நான் அளந்தது தொட்டியை அல்ல, முட்டையின் வயதை. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எதை வைத்து அளக்கிறீர்களோ அதையும் அடிக்கடி சோதித்துப் பாருங்கள். தப்பு நடந்தால் பையை எடுக்கும் முன் வாயைத் திறங்கள். வேலை போகும்தான். எனக்கும் போனது.

மறுநாள் காலை

இரண்டு தெரு தள்ளி, அழுக்கான பெயின்ட் தின்னரைக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் கம்பெனிக்குப் போனேன். கொதிக்கும் கலத்திலிருந்து தின்னர் ஆவியாகக் கிளம்பி, குளிர்ந்த குழாயில் மறுபடி சொட்டும். பெயின்ட் அழுக்கு கலத்தின் அடியிலேயே தங்கிவிடும். சூப்பர்வைசர் ஒரு அம்மா, பேர் சாந்தி.

"முன்ன இருந்த எடத்த ஏன் வுட்ட?"

வேண்டுதல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு முட்டைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கலத்துக்கு மேலே இருந்த தெர்மாமீட்டரைக் காட்டினார்.

"நீ இதப் பாரு. இத துன்ன முடியாது. பக்கத்துலயே இன்னொண்ணு கீது பாரு. ரெண்டும் ஒரே நம்பர் காட்டலன்னா என்னக் கூப்புடு. நீயா ஒண்ணும் பண்ணாத."

கலம் சூடேறிய அரை மணி நேரத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதே மூன்று.

"மேடம்!" என்று கத்தினேன்.