மாண்டெவிடியோவில் அண்ணாந்து குடித்தது

சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் பாய்லர் பார்ப்பவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிரஷர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிடுமோ என்று பார்த்துப் பார்த்தே வயதாகிவிட்டது. முள் இல்லாத இடத்திலும் அதே கவலைதான். பக்கத்து ஊரான பாகாலாவைத் தாண்டினாலே திரும்பி வரும் பஸ்ஸைத் தேடுவேன். போன வருஷம் உருகுவேயின் தலைநகரத்தில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

மகள் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். கூட வேலை செய்யும் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசை. "அவங்கம்மாவ ஒருவாட்டி வந்து பாரு நைனா" என்று டிக்கெட் அனுப்பினாள். மனைவிக்கு மூட்டுவலி. நான் மட்டும் போனேன்.

அவசரமே இல்லாத ஊர். ஹாரன் சத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் அதுவே எனக்குப் பயமாக இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் அக்குளில் ஃபிளாஸ்க் இடுக்கியிருந்தார்கள்.

"பாவம், இத்தன பேரு வீட்லயும் ஆஸ்பத்திரி கேஸா?" என்றேன்.

மகள் நடுரோட்டில் நின்று சிரித்தாள். "ஐயோ நைனா! அது மத்தே. இவங்க ஊரு டீ. போற எடத்துக்கெல்லாம் சுடுதண்ணி எடுத்துக்கினு போவாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் பையனின் அம்மாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்துச் சின்ன ஆறான சுவர்ணமுகியைப் பார்த்துப் பழகியவனுக்கு அக்கரை தெரியாத ஆறு. "மத்தே குடுப்பாங்க. வேணான்னு மட்டும் சொல்லிடாத, மனசு கஷ்டப்படுவாங்க" என்று மகள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னால் அவள் கல்யாணம் கெட்டுவிடக்கூடாதே என்று நானும் தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

அந்தம்மா என்னைக் கட்டிப்பிடித்து, புல்லில் உட்காரவைத்தார். சுரைக்குடுவையில் இலைத்தூள். அதில் சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு வெள்ளிக் குழலில் வாய்வைத்து அவர் முதலில் உறிஞ்சினார். பையன் உறிஞ்சினான். மகளும் உறிஞ்சினாள்! அதே குழல். அப்புறம் எனக்கு நீட்டினார்.

எச்சில். ஆனால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நம் வீட்டில் சொம்புத் தண்ணீருக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். அண்ணாந்து, உயரத் தூக்கி, ஊற்றினேன்.

குழல் மூக்கில் இடித்தது. சுடுதண்ணீரும் இலையும் தாடையிலிருந்து புதுச் சட்டை வரை வழிந்தன. சூடு எனக்குப் பழக்கம்தான். ஆனால் மகள் முகத்தைப் பார்க்கத்தான் தைரியமில்லை.

அந்தம்மா என் சட்டையைத் துடைத்தபடியே அவளிடம் ஏதோ கேட்டார். அவள் விளக்கினாள். பிறகு என்னிடம், "நம்மூர்ல வாய் வைக்காம குடிச்சாத்தான் ஒரே சொம்புல எல்லாரும் குடிக்கலாம்னு சொன்னேன். அப்ப நீங்களும் எங்கள மாதிரி ஒரே பாத்திரத்துல குடிக்கறவங்கதானான்னு கேக்கறாங்க நைனா."

கேட்டதோடு விடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து, என்னைப் போலவே அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதி மூக்கில், பாதி கழுத்தில். இருமி இருமிச் சிரித்தார். இரண்டு பேரும் நனைந்து உட்கார்ந்திருந்தோம்.

அவர் மறுபடி குடுவையை நிரப்பி நீட்டினார். இந்தத் தடவை குழலில் வாய்வைத்தேன். வேப்பங்கொழுந்துக் கசப்பு. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன்.

ராத்திரி போனில் எல்லாம் சொன்னதும் மனைவி கேட்டாள். "இன்னாது, அந்தம்மா வாய் வச்சதுலயா குடிச்ச? எச்சிலுய்யா!"

"சம்பந்தியம்மா தானே, பரவால்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி, எப்ப வராங்களாம் அந்தம்மா? நான் எந்தப் பொடவ கட்றது?"