அத்திபெலேயில் நான் அடித்த பத்திரம்

செல்வி எங்கள் வக்கீல் மேடத்தின் சேம்பருக்கு வந்தபோது அவள் கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள்தான் இருந்தது. ஜோகுபாளையத்துப் பெண், வயது முப்பத்திரண்டு. ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கூடவே மாப்பிள்ளை பிரகாஷும் வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்தை ரிஜிஸ்தர் செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்று ரிஜிஸ்தர் ஆபீசில் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். பெண்ணுக்கு இது இரண்டாவது கல்யாணம் என்றதும், டைவர்ஸ் டிக்ரி காப்பி கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"டிக்ரின்னா இதானே மேடம்?" என்று செல்வி ஒரு ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

மேடம் படித்துவிட்டு, ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மேலே 'விவாக விடுதலைப் பத்திரம்' என்று தலைப்பு. இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி உறவு இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம் என்று வாசகம். செல்வி, அவள் முதல் கணவர் குமார் இருவரின் கையெழுத்து, சாட்சிகள், நோட்டரி சீல். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், 'டைப் செய்தவர்: கா. ராஜேந்திரன், அத்திபெலே.'

அது நான்தான். மல்லேஸ்வரத்தில் இந்த மேடத்திடம் குமாஸ்தாவாகச் சேருவதற்கு முன் பதினாறு வருஷம் ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் டைப்பிங் கடை வைத்திருந்தேன். வாடகை அக்ரிமெண்ட், அஃபிடவிட், பாகப்பிரிவினை. அதோடு இதுவும். ஃபார்மட் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், பேரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "இது செல்லாதும்மா. நோட்டரி சீல் இருக்கறதால டைவர்ஸ் ஆகிடாது. கோர்ட்டுதான் கொடுக்கணும். சட்டப்படி நீங்க இன்னும் குமாரோட சம்சாரம்தான்."

செல்வி சிரித்தாள். கேலி பண்ணுகிறார் என்று நினைத்திருக்கிறாள். "பதினோரு வருஷம் ஆச்சு மேடம். அவனுக்கு வேற கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அந்தக் கல்யாணமும் செல்லாது."

 பிரகாஷ்தான் கேட்டார். "இப்ப என்ன பண்ணணும், எவ்ளோ நாள் ஆகும், அத சொல்லுங்க மேடம்." குமார் சம்மதித்து வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பெட்டிஷன் போடலாம், சில மாதங்களில் முடியும், அவர் வராவிட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் மேடம். பிரகாஷ் அங்கேயே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கணும் என்று சொன்னார். எதிர்முனையில் திட்டு விழுவது எனக்கே கேட்டது.

மறுநாள் வக்காலத்தில் கையெழுத்துப் போட செல்வி தனியாக வந்தாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அந்தப் பத்திரத்தை அடிச்சவன் நான்தாம்மா."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நான் உங்கள்ட்ட கேட்டேன்ணா. கோர்ட்டுக்கு எதுனா போகணுமான்னு கேட்டேன். வேணாம், இதே போதும்னு சொன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. சரியா என்று யாரிடமும் கேட்டுப் பார்க்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.  "குமாரு என் போன எடுக்க மாட்டான். நீங்க போய் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஓசூரில் குமாரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். லோடு வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் அவர் மனைவி லதாவும் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குமாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதான் பத்திரம் போட்டு முடிச்சிட்டமே சார். அவளுக்கு இப்ப என்னவாம்?"

"அந்தப் பத்திரம் நான் அடிச்சதுதாங்க. செல்லாது."

"கோர்ட்டுக்கு வந்து, ரெண்டு கல்யாணம் பண்ணேன்னு நானே ஒத்துக்கணுமா? உள்ள தூக்கிப் போடவா? நான் வரல, நீங்க கெளம்புங்க."

அவர் பயந்ததில் தப்பில்லை. நான் எழுந்துவிட்டேன். அதுவரை கதவோரம் நின்றிருந்த லதா கேட்டார், "அப்ப நான் யாரு சார்?"

மழுப்ப மனசு வரவில்லை. "பிள்ளைங்களுக்குச் சட்டத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா உங்க கல்யாணம் கணக்குல வராது. இந்த டிக்ரி வந்தப்புறம் நீங்க முறையா பண்ணி ரிஜிஸ்தர் பண்ணிக்கலாம்."

"அந்தக்கா எங்க மேல கேஸ் போட்டா?"

செல்விக்குப் போன் போட்டு லதாவிடமே கொடுத்தேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று முழுதாகத் தெரியாது. செல்வி சொன்னதில் ஒன்று மட்டும் என் காதில் விழுந்தது. "உன்னையும் அந்தப் பேப்பர காட்டித்தானே கட்டிருப்பான்? உன் மேல எனக்கென்ன கோவம்?" லதா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினார். "நீ வரலன்னா நான் புள்ளைங்கள கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

குமார் வந்தார். ஒருவர் மேல் ஒருவர் இனி எந்தக் கேசும் போடுவதில்லை என்று பெட்டிஷனிலேயே எழுதினோம். பதினோரு வருஷம் பிரிந்திருந்தவர்கள் என்பதால், சட்டம் சொல்லும் ஆறு மாசக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று தனி மனுவும் போட்டோம். இரண்டு வாய்தா சும்மா போனது. மூன்றாவதில் ஜட்ஜ் செல்வியிடம் கன்னடத்தில், "ஒப்பிகே இதெயா?" என்றார். சம்மதமா என்று அர்த்தம். "இதெ சார்" என்றாள்.  அன்றைக்கே மனுவை ஏற்று டிக்ரி கொடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில் லதா காத்திருந்தார். இரண்டு பெண்களும் அன்றுதான் முதல் முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். "சாப்டியா?" என்று செல்வி கேட்டாள். இருவரும் கேண்டீனுக்குப் போனார்கள். குமார் என் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஜனங்கள் வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள், நம்மிடம் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் மரியாதை ஒன்றும் போய்விடாது. அத்திபெலேயில் அந்த மாதிரிப் பத்திரம் எத்தனை அடித்தேன் என்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அறுபதா, எழுபதா, தெரியவில்லை. முகங்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பெண்களில் பாதிப் பேராவது இன்னும் அதைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.