டின்னில் கிடந்த பாதி மாத்திரைகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி, கிள்ளானிலிருந்து எங்களைக் காரில் கொண்டுவந்த என் கணவர், மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணக் குடும்பத்து டாக்டரம்மா. என் மடியில் தம்பியின் மாத்திரைகள் போட்டுவைத்த பிஸ்கட் டின்.

தம்பிக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து மூன்று வருடம். மனச்சிதைவு என்றார்கள். முன்பு பார்த்த டாக்டர்கள் இரண்டு விதமான மருந்து கொடுத்தும் குரல்கள் அடங்கவில்லை. மருந்துக்குக் கேட்காதவனை வடக்கே இருக்கும் பெரிய மனநல மருத்துவமனையில் விட்டுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அங்கே போனவன் வீடு திரும்புவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அப்போதுதான், நாங்கள் புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருந்த இந்த டாக்டரம்மா மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். தனியார் இடத்தில்தான் சீக்கிரம் கிடைக்கும். நானூறு வெள்ளி கட்ட வேண்டும். என் சங்கிலி பிரிக்ஃபீல்ட்ஸ் அடகுக்கடைக்குப் போயிற்று.

நான் தமிழ்ப் பள்ளி முடித்து, அடுத்த ஒரு வருட ரிமூவ் வகுப்போடு படிப்பை விட்டவள். குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படத்தில் தெரிந்துவிடும் என்றே நம்பினேன். தம்பி ஸ்கேன் வளையத்துக்குள் அசையாமல் படுத்திருந்தான். வெளியே நான்தான் உட்காராமல் நடந்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை. இந்த நோயை இந்தப் படம் காட்டாது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்றும் சொல்லாது. எனக்குப் புரிகிற வரைக்கும் மூன்று முறை சொன்னார்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "மண்டைக்குள்ள ஒன்னும் இல்லையாம்க்கா. நீ சின்னதுலேயே சொன்னதுதான்லா."

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு டின்னைக் கேட்டார். மருந்தை மாற்றுமுன் மிச்சத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது அவர் வழக்கம். வேறு எந்த டாக்டரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. காகிதத்தில் கொட்டினார். எல்லாம் பாதிப் பாதி.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. முதல் வருடத் தைப்பூசத்தில் தம்பி பால்குடம் எடுத்தான். மருந்தால் கை நடுங்கி, கோயில் படியேறும்போது பால் சிந்தியது. பின்னால் வந்தவர்கள் சாமி குற்றம் என்று பேசினார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையையும் கத்தியால் வெட்டிப் பாதிதான் கொடுத்தேன். சாமி குற்றமும் வேண்டாம், நோயும் அடங்கட்டும் என்ற நினைப்பு. மீதிப் பாதியை வீசவும் பயம்.

டாக்டரம்மா திட்டவில்லை. "கை நடுங்குதெண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா. அதுக்கும் மருந்து இருக்கு."

"அக்கா வெட்டிக் குடுக்கிறது எனக்குத் தெரியும் டாக்டர்," என்றான் தம்பி. "கேட்டா அக்கா அழும்."

என்னை அழவிடாமல் இருக்க இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் குரல்களோடு கிடந்திருக்கிறான். இவனையா நோயாளி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

அதன்பின் முழு மாத்திரை, நடுக்கத்துக்கு இன்னொன்று. மூன்றாம் மாதம், குரல்கள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிட்டன என்றான். வடக்கே அனுப்பும் பேச்சு நின்றது. கிள்ளானில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தன்று ஸ்கேன் காசு என்று இருபது வெள்ளியை நீட்டினான். வேண்டாம் என்றேன்.

"சீக்காளிக்குத்தான்க்கா சும்மா செய்வாங்க."

வாங்கிக்கொண்டேன். மாதம் தவறாமல் தருகிறான். இன்னும் எண்பது வெள்ளி பாக்கி.