வக்கீல் வைக்காத கட்டுப்பணம்

என் தங்கச்சி புருஷன் பொன்னேரி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். நஷ்டஈடு கேட்டு டவுன் வக்கீல் ஒருவரிடம் கேஸைக் கொடுத்தோம். போய்க் கேட்கும்போதெல்லாம் தேதி போட்டிருக்கிறார்கள் என்பார். கடைசியில் பார்த்தால், அவர் கோர்ட்டுக்கே போகாமல் கேஸ் தள்ளுபடியாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நஷ்டஈடு போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. "லாரிக்காரன்கிட்ட ரகசியமா துட்ட வாங்கினு கேஸ விட்டுட்டா" என்று தங்கச்சியின் மாமியார் கோட்டைக்குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பேரோடு இவள் எப்படி அந்த வீட்டில் காலம் தள்ளுவாள்? அதைத் துடைக்கத்தான் வக்கீல்களை விசாரிக்கும் குழுவுக்குச் சென்னையில் புகார் கொடுத்தோம்.

எழுதிக் கொடுத்ததோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன், மடையன். புகாருக்குக் கட்டணம், நகலுக்குக் கட்டணம், பஸ், சாப்பாடு. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உண்மையான வயிற்றெரிச்சல் வேறு ஒன்று. நான் ஏரியில் மீன் பிடிக்கிறவன். நல்ல மீன் விழும் இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று எங்கள் ஊரில் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பேர். நம் நாளை விட்டால் விட்டதுதான். அடுத்த முறை சுற்றி வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். விசாரணைத் தேதி மூன்று முறை சரியாக என் பாடு நாளில் வந்து விழுந்தது. மூன்று முறையும் அந்த மனுஷன் வராமல் வாய்தா வாங்கினார். என்னோடு வலை இழுக்கும் கூட்டாளியின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

நான்காவது முறைதான் ஆள் வந்தார். விசாரிக்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் மூத்த வக்கீல்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் புகார் சொன்னவரும், யார்மேல் புகாரோ அவரும் முதலில் கட்டுப்பணம் வைக்க வேண்டும். தப்பு செய்தவர் பணம் செலவுக்குப் போகும். மற்றவருக்குத் திரும்பி வரும். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்து, ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் குழுவின் தலைவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

தலைவர் பதறிப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "என்னய்யா இது, லஞ்சமா? எடு, எடு!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "லஞ்சம் இல்ல சார், கட்டுப்பணம். எங்க பங்க வச்சிட்டேன். அவர வைக்கச் சொல்லுங்க" என்று ஊர் வழக்கத்தை விளக்கினேன். மூவரில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"இங்க அதெல்லாம் கிடையாதுப்பா" என்றார் தலைவர்.

"அப்போ எங்க செலவ யாரு சார் குடுக்கறது? வக்கீலுங்க எல்லாரும் சந்தா கட்றீங்களே, அதுலேர்ந்து குடுங்களேன்."

"ஒருத்தர் தப்பு பண்ணா ஒழுங்கா இருக்கறவங்க ஏன்யா கட்டணும்?"

"ஒழுங்கா இருந்த என் தங்கச்சி மட்டும் இன்னாத்துக்கு சார் கட்டணும்?"

நாங்கள் புகார் கொடுத்த வக்கீல் குறுக்கே புகுந்தார். "புகார் பொய்னு ஆச்சுன்னா என் செலவ இவங்க தருவாங்களா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி எழுந்து நின்றாள். "தர்றேன் சார். காதுல கெடக்கறத வித்துத் தர்றேன். எழுதிக்கங்க."

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வக்கீல் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. தப்பு முழுக்க வக்கீல் மேல்தான், புகார் கொடுத்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்த வக்கீல் ஓராண்டு தொழில் செய்யக் கூடாது, விசாரணைச் செலவையும் கட்ட வேண்டும். யாருக்கு? அந்தக் குழுவுக்கு. எங்கள் பஸ், எங்கள் பாடு பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கண்டபடி கத்தினேன்.

"வுடுண்ணா. எம்மேல தப்பு இல்லன்னு போட்டுக்குதுல்ல, அத மட்டும் எங்க அத்தகிட்ட படிச்சிக் காட்டு" என்றாள்.

போனோம். மாமியார் வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தேன். கேட்டு முடித்தவள், மருமகள் முகத்தைப் பார்க்காமல், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மெட்ராஸுக்குப் போய்ட்டு வர எவ்ளோம்மா ஆச்சி?"

இத்தனை நாளில் எங்களிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். தங்கச்சி அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள்.