பட்டியலில் இருந்த பெயர்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாடு திரும்பி, எங்கள் மீனவ ஊரான கீரியில் கடலோரமாகவே வீடு கட்டினோம். எங்கள் வைஃபை கரைவரை எட்டும். அதில் யார் யாருடைய போன்கள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் செயலி என்னிடம் இருந்தது.

காற்று மாறிய அன்று, கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. தேடப் புறப்பட்ட வள்ளங்களை ஓடிப்போய் மறித்தேன்.

“போகாதேங்கோ அண்ணை! இவரின்ர போன் வைஃபையில காட்டுது. கரைக்கு வந்திட்டார்!”

“வடிவாப் பாத்தியா தங்கச்சி?”

“ஓம், ஓம்!”

கரை முழுக்கத் தேடினோம். இருட்டிய பிறகுதான் அழைத்துப் பார்க்கத் தோன்றியது. வீட்டுக்குள், அவர் கலியாண வீட்டுக்குப் போட்டுக் கழற்றிய காற்சட்டைப் பைக்குள் போன் மணியடித்தது. அவர் சாரம் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தார்.

பிறகு தேடிப் போனவர்கள் வெறும் வள்ளத்தைத்தான் இழுத்து வந்தார்கள்.

அந்தப் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. போனில் சார்ஜ் இறங்க நான் விடுவதில்லை.