நான் கூவாமல் இருந்த பெரிய வெள்ளி

பதினொரு வயதில் நான் சேவலாக நடித்தேன். மாதா வேடம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு இது பெரிய சறுக்கல்தான். ஆனால் வேடங்களைப் பங்கிட்டவர் என் பெரியம்மா. அவரிடம் முறையிட்டுப் பயனில்லை.

கனடாவில் நாங்கள் இருந்த செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். கிழமை முழுவதும் குழந்தைகள் பகல் காப்பகத்தில் வேலை பார்த்து, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் பெரியம்மா எங்களிடம் வருவார். செபங்களை ஒப்புவிக்கச் சொல்லி வதைக்கமாட்டார். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பையனுக்கு மெழுகுதிரி கொளுத்தும் பொறுப்பு. வாயில் பிரெஞ்சு மட்டுமே வரும் பையனுக்குத் திரை இழுக்கும் வேலை. தொலைக்காட்சியை விட்டுவிட்டு நாங்கள் ஓடிப்போனது பக்தியினால் என்று சொல்லமாட்டேன். நாங்கள் போகாவிட்டால் அங்கே ஏதோ ஒன்று நடக்காது என்று நம்பினோம், அவ்வளவுதான். அப்படி நம்பவைப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது, இன்று அதே வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போதுதான் தெரிகிறது.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போட்டோம். பேதுருவாக நடிக்க இருந்தவருக்கு செயின்ட்-லோரன்ட் பகுதித் தொழிற்சாலையில் வேலைநேரம் மாறிவிட்டது. பெரியம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவின் முன்னால் நின்றார்.

மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் இரவு வேலை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து கோயில் பக்கம் போனதில்லை. அலுப்பா, கோபமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர் வேலைக்குச் சப்பாத்துப் போடும் நேரம் பார்த்து அம்மா செபமாலையில் "வீட்டிலை ஒராளுக்காக" என்று சத்தமாகச் சேர்த்துக்கொள்வார். மாமா சப்பாத்துக் கயிற்றை இன்னும் கவனமாகக் கட்டுவார்.

"உனக்குத் தாடி இருக்குது தம்பி, ஒட்டத் தேவையில்லை," என்றார் பெரியம்மா.

மாமா சிரித்துவிட்டார். அதோடு மாட்டுப்பட்டார்.

ஒத்திகைக்கு அவர் தூக்கக் கண்களோடு வரத் தொடங்கியதும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. எனக்கோ பயம் பிடித்தது. சேவல் கூவுமுன் மூன்று தரம் என்னைத் தெரியாது என்பாய் என்று இயேசு பேதுருவிடம் சொல்லியிருப்பார். அப்படியே நடக்கும். சேவல் கூவியதும் பேதுரு எல்லோருக்கும் முன்னால் அழவேண்டும். எனக்கு அந்தச் சேவல் ஒரு கோள்மூட்டியாகத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் கழித்து வந்த மனிதரை ஊர் பார்க்க அழவைத்தால், அவர் திரும்பவும் வருவாரா? கூவுவதில்லை என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய வெள்ளியன்று மண்டபம் நிறைந்திருந்தது. அட்டைச் சுவருக்குப் பின்னால் கதிரையில் ஏறி, சிவப்புக் கொண்டையோடு நான் நின்றேன். சிவப்புத் தாள் சுற்றிய விளக்கில் மாமா குளிர்காய்ந்தார். மூன்று பிள்ளைகள் வந்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மூன்று தரமும் மாமா "அந்த மனிதனை எனக்குத் தெரியாது" என்றார்.

நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். மூன்றாவதாகக் கேட்ட பையனுக்கு வேறு வசனம் தெரியாது. ஆகவே அதையே திருப்பிக் கேட்டான்.

"தெரியாது எண்டு சொல்லுறனெல்லோ," என்றார் மாமா. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பையன் விடாமல் மறுபடியும் கேட்டான். திரைக்குப் பின்னால் நின்ற பெரியம்மா தானே கூவியிருக்கலாம், என்னை அதட்டியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை மாமா பையனைப் பார்க்கவில்லை. என்னை அண்ணாந்து பார்த்து, "எனக்கு அவரைத் தெரியாது," என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. அது நடிப்பாக இல்லை. நான் மிரண்டுபோனேன். அந்தப் பயத்தில்தான் கூவினேன். பாதி கூவல், பாதி அழுகை.

மாமா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. திரை இழுக்கும் பையன் இழுக்க மறந்து நின்றான்.

முடிவில் சிலுவையை முத்தமிட எல்லோரும் வரிசையில் நின்றபோது, சிறுபிள்ளைகளுக்குப் பின்னால் மாமாவும் வேடம் கலையாமல் நின்றார். பெரியம்மா என் கொண்டையைக் கழற்றியபடி, "அடுத்த வருசமும் நீதான் சேவல்," என்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் இருந்தார்.

"நீ கூவாட்டி நான் எங்க போய் நிப்பாட்டுறது, பிள்ளை?"

"மூண்டோடை நிப்பாட்டியிருக்கலாம்தானே, மாமா," என்றேன்.

அவர் சிரித்து, என் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துவிட்டார். அந்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மாமா வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார், கடைசி வாங்கில் பாதித் தூக்கத்தோடு. நான் பஸ்ஸில் சொன்னது நல்ல யோசனைதான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். தெரியாது என்பதை மூன்றோடு தானாக நிறுத்திக்கொள்ள முடியாமல்தான் ஒரு மனிதர் ஒரு சின்னப் பெண்ணை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?